முடிச்சுப் பிடிக்காத உளுந்து: குமராட்சிப் பகுதி வயல் ஒன்றில் பூச்சிமருந்தும் மண் நுண்ணுயிரும்

நிகழ்வின் பின்னணி

கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், வீராணம் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்களில், சம்பா நெல்லுக்குப் பின் உளுந்து எடுப்பது இன்று நேற்றைய வழக்கமன்று. கொள்ளிடத்தின் கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக ஏரிக்கு வந்து சேரும் நீர் சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. அந்த நீரில் விளைந்த நெல் தை மாதத்தில் முற்றிவரும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, ஈரம் சுண்டாத வயலில் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து விதையை வீசிவிடுகிறார்கள். அதற்கென்று உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, பெரும்பாலும் பாய்ச்சலும் கிடையாது. நெல் விட்டுச்சென்ற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, பூக்கும் தருணத்தில் 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசலைத் தெளித்தால் தெளித்தது, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் காய்க்கும் பயிர் அது. ஆகையால் தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) அது முழுக்க முழுக்க நம்பியிருப்பது, பாக்டீரியா குடியிருந்து காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுகளைத்தான். முடிச்சு பிடிக்கவில்லையென்றால் அந்தப் பயிருக்கு வேறு கதி இல்லை.

குமராட்சிப் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் இப்படி முடிச்சு பிடிக்காத செடிகளைப் பிடுங்கி எங்களிடம் எடுத்துக்கொண்டு வந்ததிலிருந்து இந்த நிகழ்வு தொடங்குகிறது. அவருக்கு ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு வயல்கள் இருந்தன. மேல்வயலில் சம்பா தூர்கட்டும் பருவத்தில் குருத்துப்பூச்சி தாக்கியதால் கார்போஃபியூரான் 3 சதவீதக் குருணை மருந்து போடப்பட்டிருந்தது. கீழ்வயலில் தாக்குதல் குறைவாக இருந்ததால் மருந்து போடவில்லை. உளுந்து முளைத்து ஒரு மாதம் ஆன பிறகு பார்த்தபோது, மேல்வயல் செடிகள் வெளிறிக் குட்டையாகவும், வேரில் முடிச்சுகள் அரிதாகவும் இருந்தன. கீழ்வயல் செடிகளில் அந்தக் குறை தெரியவில்லை. குருணை மருந்து மண்ணின் உயிரைக் கொன்றுவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அண்டை அயல் விவசாயிகளும் அதையே சொன்னார்கள்.

அந்த முடிவு நியாயமானதுதான். மருந்து போட்ட வயல் கெட்டது, போடாத வயல் பிழைத்தது என்னும்போது வேறு எதைச் சந்தேகிப்பது? ஆனால் இரண்டு வயல்களுக்கு இடையே மருந்து ஒன்றுதான் வேறுபாடா என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பூச்சிமருந்துகள் மண் நுண்ணுயிர்களுக்குச் செய்யும் விளைவை மதிப்பிடும் வேலையின் பெரும்பகுதி, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் கழிக்க வேண்டியவை

உளுந்து மஞ்சளாவதற்கு இந்தப் பகுதியில் முதல் காரணம் நுண்ணுயிர்க் குறைவு அன்று, வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நோய். தேமல் கண்ட இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். தழைச்சத்துக் குறைவில் அடி இலைகளிலிருந்து தொடங்கி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். எடுத்து வந்த செடிகளில் இரண்டாவது வகைதான் இருந்தது. ஆகவே நோய் ஒதுக்கப்பட்டது.

அடுத்ததாக முடிச்சுகளையே பார்க்க வேண்டும். செடியைப் பிடுங்குவது கூடாது. களிமண்ணில் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், வேர் வெறுமையாகத் தெரியும். மண்வெட்டியால் செடியைச் சுற்றி ஆழமாக வெட்டி, மண்கட்டியோடு எடுத்து, வாளி நீரில் ஊறவைத்துக் கழுவிப் பார்ப்பதே முறை. வயலுக்குப் போய் அப்படி எடுத்த செடிகளிலும் மேல்வயலில் முடிச்சு குறைவாகவே இருந்தது. ஆனால் எங்கே குறைவாக இருந்தது என்பதுதான் பிறகு பயன்பட்ட குறிப்பு: ஆணிவேரின் மேற்பகுதியில், விதை இருந்த இடத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பக்கவேர்களில், தள்ளித் தள்ளி, சிறு முடிச்சுகள் சில இருந்தன. அவற்றை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது. அது இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. ஆக, முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் மேல்வயல் மண்ணில் இல்லாமல் போய்விடவில்லை. விதைக்கு அருகே மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் ஈர வயலில் ஏறிப் போன தடங்களில் மண் இறுகி, காற்று புகாமல், முடிச்சு பிடிப்பது குறையும். தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியாவுக்கும் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். எனவே தடம் விழுந்த வரிகளை விலக்கி, தடத்துக்கு நடுவே நின்ற செடிகளை மட்டுமே ஒப்பிட்டோம். அப்போதும் வேறுபாடு மறையவில்லை. உவர்த்தன்மைக்கான மின்கடத்துத்திறன் சோதனையில் இரண்டு வயல்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நெல்லுக்குப் போட்ட களைக்கொல்லி இரண்டிலும் ஒன்றே.

மண் எடுத்த விதம்

பேரூட்டச்சத்து பார்ப்பதற்காக மண் எடுக்கும் வழக்கத்தில் மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, பையில் கட்டி அனுப்புவார்கள். அப்படி உலர்ந்த மண்ணை நுண்ணுயிர் ஆய்வுக்கு எடுக்கக் கூடாது. உலர்ந்தபோது ஒரு பகுதி உயிர்கள் மடிகின்றன. மறுபடி நனைத்தவுடன் மிஞ்சியவை அந்தப் பிணங்களையும் புதிதாக வெளிப்பட்ட கரிமப் பொருளையும் தின்று பெருகி, சில நாட்களுக்கு மூச்சுவிடும் அளவு தாறுமாறாக ஏறுகிறது. 1958-ல் பர்ச் என்பவர் விளக்கி எழுதியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கோடையில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் மழை விழுந்ததும் நடப்பது இதுவே. அந்த ஏற்றத்தின் நடுவில் மண் எடுத்து அளந்தால், மருந்து போட்ட மண்ணும் செழிப்பாகவே தெரியும்.

ஆகவே மண்ணை ஈரத்தோடு எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்து, தாமதமின்றி ஆய்வுக்கு எடுக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும் என்று செய்முறைகள் சொல்கின்றன. குமராட்சிப் பக்கத்துக் களிமண்ணை எடுத்த ஈரத்தில் சலிப்பது நடக்காத காரியம். பிசுபிசுத்துச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். சலிக்கத்தக்க பதம் வரும் வரை மட்டும் நிழலில் ஆறவிட்டு, அதற்கு மேல் காயவிடாமல் சலிப்பதுதான் வழி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் இந்தச் சிரமம் இல்லை. அதே காரணத்தால், அங்கே முந்திரித் தோப்பிலோ மணிலாக் காட்டிலோ கிடைத்த முடிவுகளை இங்கே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது. களியும் கரிமமும் குறைந்த மண் மருந்தைப் பிடித்து வைக்காது, களிமண் பிடித்து வைக்கும். இரண்டிலும் ஒரே அளவு மருந்து நுண்ணுயிர்களுக்கு ஒரே அளவாக எட்டுவதில்லை.

வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் மடை ஆகியவற்றை விட்டு, வயலின் உட்பகுதியில் பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலந்தோம். மேல் 5 சென்டிமீட்டரைத் தனியாகவும் அதற்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை உள்ளதைத் தனியாகவும் வைத்தோம். குருணை விழுவதும், ஆக்சிஜன் எட்டுவதும், வீசி விதைத்த உளுந்து வேர்விடத் தொடங்குவதும் மேற்பகுதியில் என்பதால் இரண்டையும் கலந்துவிட்டால் விளைவு நீர்த்துப்போகும்.

எதை அளப்பது

நுண்ணுயிர் என்றதும் எண்ணிக்கையைக் கேட்பது எல்லோருக்கும் பழக்கம். ஒரு கிராம் மண்ணைப் பத்து பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பாக்டீரியாவுக்கு ஊட்ட அகார், பூஞ்சைக்கு மார்ட்டினின் ரோஸ் பெங்கால் அகார், ஆக்டினோமைசீட்டுகள் என்னும் இழை வடிவ பாக்டீரியாக்களுக்குக் கென்னைட் அகார் என்று உணவுக்கூழ்களைத் தட்டுகளில் ஊற்றி, முளைக்கும் திட்டுகளை எண்ணுவது அந்த முறை. இது மலிவானது, எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடியது, பட்ட மேற்படிப்பு ஆய்வேடுகளில் நிறையக் காணப்படுவது. ஆனால் மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் மிகச் சிறு பங்குதான், வழக்கமாகச் சொல்லப்படுவது ஒரு சதவீத அளவு, இப்படித் தட்டில் முளைக்கும். முளைப்பவை வேகமாக வளரும் வகைகள். மருந்து போட்ட பின் இந்த எண்ணிக்கை கூடினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதும் சரியன்று. மருந்தையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியா பெருகியிருக்கலாம், மருந்தில் மடிந்த உயிர்களின் உடல் மற்றவற்றுக்கு உணவாகியிருக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் கெட்டது, கூடினால் நல்லது என்று எழுதிய ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

நெல் வயலில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு நீலப்பச்சைப் பாசி. கார்போஃபியூரான் போன்ற பூச்சிமருந்து போட்ட வயல்களில் சில வேளை இந்தப் பாசி குறைவதற்குப் பதிலாகப் பெருகுகிறது. பாசிக்கு மருந்து பிடித்திருக்கிறது என்பதன்று காரணம். பாசியை மேயும் ஆஸ்ட்ரகோடு என்னும் சிறு ஓட்டுயிரிகளை மருந்து கொன்றுவிடுகிறது, மேய ஆளில்லாததால் பாசி வளர்கிறது. ஒரு உயிரின் ஏற்றத்துக்குப் பின்னால் இன்னொன்றின் அழிவு இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எண்ணிக்கைக்குப் பதிலாக, மண்ணில் உள்ள உயிர்களின் மொத்த நிறையை அளக்கலாம். மண்ணின் ஒரு பகுதியை 24 மணி நேரம் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்து உயிர்களை உடைத்து, வெளிவரும் கரிமத்தைப் பொட்டாசியம் சல்பேட் கரைசலில் பிரித்து, ஆவி காட்டாத பகுதியோடு ஒப்பிடும் முறையை வான்ஸ், புரூக்ஸ், ஜென்கின்சன் ஆகிய மூவர் 1987-ல் வெளியிட்டார்கள். அல்லது குளுக்கோஸ் கொடுத்து, உடனே எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்று பார்க்கலாம். இது ஆண்டர்சன், டோம்ஷ் ஆகியோர் 1978-ல் தந்த முறை. இவை இரண்டும் எண்ணிக்கையைவிட நம்பகமானவை என்றாலும், நமக்கு வேண்டிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாதவை. உளுந்துக்கு வேண்டிய ரைசோபிய வகையான பிராடிரைசோபியம் மண்ணின் மொத்த உயிர்நிறையில் மிகச் சிறிய பங்கு. அது முழுவதும் அழிந்தாலும் மொத்தம் அசையாது.

மண்ணின் உயிர்ச்செயலை நொதி வழியாக அளக்கும் டீஹைட்ரோஜினேஸ் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதி நெல் மண்ணில் அது ஆளை ஏமாற்றும். டி.டி.சி. என்னும் நிறமற்ற உப்பை மண்ணோடு கலந்து 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், உயிருள்ள செல்களின் நொதிகள் அதைச் சிவப்பு நிறப் பொருளாக மாற்றுகின்றன. அதைக் கரைத்தெடுத்து 485 நானோமீட்டரில் நிற அடர்த்தி பார்க்கிறார்கள். நிறம் குறைந்தால் உயிர்ச்செயல் குறைந்தது என்று கொள்வது வழக்கம். ஆனால் நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா ஓங்கும்போது இந்த அளவு இயல்பாகவே பல மடங்கு ஏறும். நீரை வடித்தால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மருந்துக்குப் பங்கே இல்லை. தாமிரக் கலவை தெளித்த மண்ணில் இன்னொரு சிக்கல்: தாமிரம் அந்தச் சிவப்பு நிறத்தையே மங்கச் செய்வதால், உயிர்களுக்கு ஒன்றும் ஆகாதபோதும் சோதனை குறைவைக் காட்டும்.

நம் நிகழ்வில் இது உடனே தலைகாட்டியது. எடுத்த நிலையிலேயே அளந்தபோது மேல்வயல் மண்ணின் டீஹைட்ரோஜினேஸ் கீழ்வயலைவிடக் குறைவாக இருந்தது. குருணை மருந்தின் மீதான சந்தேகம் உறுதியானதுபோல் தோன்றிற்று. ஆனால் மேட்டில் இருந்த மேல்வயல் முன்னதாகவே வடிந்து உலர்ந்திருந்தது. கீழ்வயல் பள்ளம், இன்னும் சேறாக இருந்தது. இரண்டு மண்ணையும் ஒரே ஈரப்பதத்துக்கு, நீர்க்கொள்திறனில் பாதியளவுக்குக் கொண்டுவந்து, ஒரே வெப்பத்தில் ஒரு வாரம் வைத்த பின் அளந்தபோது இடைவெளி பெரும்பாலும் மூடிவிட்டது. நாம் கண்ட வேறுபாட்டில் பெரும்பங்கு தண்ணீரால் வந்தது.

மருந்துப் பதிவுக்காக உலக அளவில் ஏற்கப்பட்ட சோதனைகள் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2000-ல் வெளியிட்ட 216, 217 ஆகிய இரண்டு வழிகாட்டிகள். முதலாவது, குதிரைமசால் தூளை மண்ணில் கலந்து, அதன் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைப் பார்க்கிறது. இரண்டாவது, குளுக்கோஸ் கொடுத்து மூச்சைப் பார்க்கிறது. வயலில் எதிர்பார்க்கும் அளவிலும் அதன் ஐந்து மடங்கிலும் மருந்தைக் கலந்து, 28-வது நாளில் மருந்து கலந்த மண்ணுக்கும் கலக்காத மண்ணுக்கும் வேறுபாடு 25 சதவீதத்துக்குள் இருந்தால் நீடித்த பாதிப்பு இல்லை என்று கொள்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் 100 நாள் வரை நீட்டிக்கிறார்கள். ஒழுங்கான முறை, ஐயமில்லை. ஆனால் இது மணல் மிகுந்த, காற்றோட்டமுள்ள மண்ணுக்கும் 20 டிகிரி வெப்பத்துக்கும் வகுக்கப்பட்டது. நான்கு மாதம் தண்ணீர் நின்று, மண்ணின் மேல்தோலில் மட்டுமே ஆக்சிஜன் இருந்து, நைட்ரேட் உருவாவதும் அந்தத் தோலோடு நின்றுவிடும் சிதம்பரம் பக்கத்து நெல் வயலுக்கு அந்த முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை ஒவ்வொரு முறையும் யோசித்தாக வேண்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளதாகத் தோன்றும் அளவுகோல் பழையது. 1983-ல் டோம்ஷும் அவருடைய சகாக்களும் வெள்ளம், வறட்சி, வெப்பம் போன்ற இயற்கை நெருக்கடிகளே மண் நுண்ணுயிர்களை 90 சதவீதம் வரை குறைத்து, பிறகு அவை மீள்வதைத் தொகுத்துக் காட்டி, மருந்தின் விளைவையும் அதே தராசில் வைத்தார்கள். எவ்வளவு விழுந்தது என்பதைவிட எத்தனை நாளில் எழுந்தது என்பதே கேள்வி: 30 நாள் தாமதம் இயல்பானது, 60 நாள் வரை பொறுக்கத்தக்கது, அதற்கு மேல் கவலைக்குரியது. மழையும் ஏரித் தண்ணீரும் ஆண்டுதோறும் மண்ணைப் புரட்டிப்போடும் நம் பகுதிக்கு இந்தப் பார்வை நன்றாகவே பொருந்துகிறது.

ஒரு கணக்கு

இந்த நிலையில் ஆய்வுக்கூடத்தை விட்டு, காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஹெக்டேருக்கு 25 கிலோ என்ற அளவில் 3 சதவீதக் குருணையைத் தூவினால் மண்ணில் சேரும் நஞ்சு 0.75 கிலோ. மேல் 5 சென்டிமீட்டர் மண், ஒரு கனசென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்று கொண்டால், ஹெக்டேருக்கு 7,50,000 கிலோ. ஆகவே சராசரியாக ஒரு கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராம். ஒவ்வொரு குருணையைச் சுற்றியும் செறிவு இதைவிடப் பன்மடங்கு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் குருணை போட்டது உளுந்து விதைப்பதற்கு இரண்டு மாதத்துக்கும் முன்பு. நடுநிலையிலிருந்து காரத்தன்மைக்குச் சாயும் நீரில் கார்போஃபியூரான் நீராற்பகுப்பால் விரைந்து சிதையக்கூடியது. தொடர்ந்து அதே மருந்தைப் போட்டுவரும் வயல்களில் அதைத் தின்னப் பழகிய பாக்டீரியாக்களே பெருகி, சிதைவு இன்னும் விரைவாகும். டையசினான் என்னும் பூச்சிமருந்தைப் போட்டுவந்த பிலிப்பைன்ஸ் நெல் வயல்களிலிருந்து அந்த மருந்தைச் சிதைக்கும் பாக்டீரியாவைச் சேதுநாதனும் யோஷிடாவும் 1973-ல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். விவசாயி இதை வேறு பெயரில் அறிவார்: மருந்து முன்புபோல் கேட்பதில்லை என்பார், அடுத்த பருவத்தில் அளவைக் கூட்டுவார்.

கணக்கின் மறுபாதி, விதையைப் பற்றிக் கேட்டபோது கிடைத்தது. கீழ்வயலுக்கு அவர் வீட்டில் எடுத்துவைத்த ஆடுதுறை 3 விதையை ரைசோபியம் கலந்து வீசியிருந்தார். மேல்வயலுக்கு விதை போதாமல் வெளியில் வாங்கியது, கார்பாக்சினும் திரமும் கலந்த பூஞ்சாணக்கொல்லி பூசி நிறமேற்றி வந்தது. அதன் மேலும் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, அன்றே பூசி, அன்றே வீசிவிட்டார். இந்த வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. கேட்கப்படவில்லை, அவ்வளவே.

திரம் 37.5 சதவீதம் உள்ள அந்தக் கலவை ஒரு கிலோ விதைக்கு 3 கிராம் என்றால், விதையின் மேல் தங்கும் திரம் மட்டும் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுகிறது. குருணை மருந்தின் சராசரி ஒரு மில்லிகிராம். ஆயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு இது. அதோடு, ரைசோபியம் வந்து உட்காரும் இடமும் அதே விதைத்தோல்தான். திரம் டைதயோகார்பமேட் வகை. அது பூஞ்சையின் ஒரு குறிப்பிட்ட உறுப்பை மட்டும் தாக்குவதன்று, நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளையும் உலோகங்களையும் பிடித்துக்கொள்ளும் பொது நஞ்சு. பாக்டீரியாவான ரைசோபியமும் அதற்குத் தப்பாது. ஒப்பிட்டால், செல் பிரிவுக்கான டியூபுலின் என்னும் புரதத்தைக் குறிவைக்கும் கார்பென்டசிம் என்ற மற்றொரு பூஞ்சாணக்கொல்லி ரைசோபியத்துக்கு அவ்வளவு கொடியதன்று. பூஞ்சாணக்கொல்லி என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் அடக்கிவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

தொட்டிச் சோதனையும் அது காட்டியதும்

கணக்கு ஒரு ஊகத்தைத்தான் தருகிறது. அதைச் சோதிக்க, இரண்டு வயல்களின் மண்ணையும் தொட்டிகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் நான்கு வகை விதையை ஊன்றினோம்: ஒன்றும் பூசாதது, ரைசோபியம் மட்டும் பூசியது, பூஞ்சாணக்கொல்லி மட்டும் பூசியது, இரண்டையும் ஒரே நாளில் பூசியது. மண்ணின் பழைய வரலாற்றையும் விதையின் பூச்சையும் இப்படிக் குறுக்கே வைத்தால்தான் குற்றம் மண்ணிலா விதையிலா என்று பிரித்தறிய முடியும். ஈரம் எல்லாத் தொட்டிகளிலும் எடை பார்த்துச் சமன் செய்யப்பட்டது.

ஒரு மாதச் செடிகளைக் கழுவிப் பார்த்தபோது, குருணை போட்ட மண்ணிலும் போடாத மண்ணிலும் ரைசோபியம் மட்டும் பூசிய விதையின் செடிகளில் ஆணிவேரின் மேற்பகுதியில் முடிச்சுகள் கொத்தாகப் பிடித்திருந்தன. விதையோடு கொடுத்த ரைசோபியம் பிழைத்தால் அது பிடிக்கும் இடம் அதுவே. இரண்டையும் ஒரே நாளில் பூசிய விதையின் செடிகளில், இரண்டு மண்ணிலுமே, அந்த இடம் வெறுமையாக இருந்து, பக்கவேர்களில் மட்டும் தாமதமாகச் சில முடிச்சுகள் வந்திருந்தன. அவை மண்ணில் ஏற்கெனவே இருந்த ரைசோபியத்தின் வேலை. ஒன்றும் பூசாத விதையின் செடிகளில் முடிச்சுகள் வேர் முழுவதும் பரவலாக இருந்தன, மேல்வயல் மண்ணிலும்கூட. வயலில் கண்ட அடையாளம் தொட்டியில் விதைப்பூச்சைத் தொடர்ந்து வந்தது, மண்ணைத் தொடரவில்லை.

குருணை மருந்துக்கு விளைவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தனியே, மருந்து காணாத கீழ்வயல் மண்ணில் கார்போஃபியூரானைக் கலந்து நைட்ரேட் உருவாகும் வேகத்தைப் பார்த்தோம். வயல் அளவில் மாற்றம் புலப்படவில்லை. ஐந்து மடங்கில் தொடக்கத்தில் ஒரு பின்தங்கல் தெரிந்து, நான்காவது வாரத்துக்குள் நேராகிவிட்டது. டோம்ஷின் தராசில் இது இயல்பான வரம்புக்குள் அடங்கும். ஆனால் இந்தச் சோதனை காற்றோட்டமான மண்ணில் நடந்தது என்ற எல்லையைத் தாண்டி நான் அதை நீட்ட மாட்டேன். மேலும், நுண்ணுயிர்ச் சோதனையில் தேறிய மருந்து மண்புழுவுக்கும் வயலில் இரை தேடும் பறவைக்கும் தேறியதாகிவிடாது. கார்போஃபியூரான் இரண்டுக்கும் கடும் நஞ்சு. 2023-ல் மத்திய அரசு அதன் மற்ற வடிவங்களைத் தடைசெய்து 3 சதவீத உறையிட்ட குருணையை மட்டும் விட்டுவைத்ததற்கும் மண் பாக்டீரியாவுக்கும் தொடர்பில்லை. இந்த ஆய்வு அந்தக் குருணைக்குக் கொடுத்த நற்சான்றாக யாரும் இதை எடுத்துக்காட்டக் கூடாது.

வேர்ப்பூஞ்சைகளை நாங்கள் பார்க்கவில்லை. உளுந்துக்கு மணிச்சத்தைத் தேடித்தரும் அந்தப் பூஞ்சைகளை மேல்வயல் விதையின் பூச்சு பாதித்திருக்கக்கூடும். செடிகள் குட்டையாக இருந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். மண்ணின் டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்கும் முறைகளையும் எடுத்துக்கொள்ளவில்லை. செலவு ஒரு காரணம். இறந்த செல்களின் டி.என்.ஏ.வும் மண்ணில் தங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுவதால், உயிரோடு இருப்பது எது, வேலை செய்வது எது என்ற நமது கேள்விக்கு அது தனியாகப் பதில் சொல்லாது என்பது இன்னொரு காரணம்.

பரிந்துரைத்தவை

நிற்கும் பயிருக்கு 2 சதவீத டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் தெளிப்பது தவிர அந்தப் பருவத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த முறைக்கு விதை நேர்த்தியின் வரிசையைத்தான் முதலில் திருத்தச் சொன்னோம். பூஞ்சாணக்கொல்லி வேண்டுமென்றால் அதை முதலில் பூசி, குறைந்தது 24 மணி நேரம் கழித்து, விதைக்கும் நேரத்துக்குச் சற்று முன் ரைசோபியத்தைப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். இந்த இடைவெளி திரத்தின் வீரியத்தை முழுவதும் போக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆகையால் விதையில் பூசுவதோடு நிற்காமல், கூடுதலாக ஒரு பங்கு ரைசோபியத்தைத் தூளாக்கிய தொழுவுரத்தில் கலந்து, விதை வீசும் மாலையில் வயலில் தூவச் சொன்னோம். பக்கவேர்களை எட்டும் ரைசோபியம் விதைத்தோலின் நஞ்சுக்கு எட்டாத தொலைவில் இருக்கும். வேரழுகலுக்கு அஞ்சுவதாக இருந்தால், பூஞ்சாணக்கொல்லியை விட்டு, நோயை அடக்கும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மாவையோ சூடோமோனாஸையோ பயன்படுத்தலாம். இவை ரைசோபியத்தோடு ஒத்துப்போகும். ஆனால் இவற்றையும் பூஞ்சாணக்கொல்லியையும் சேர்த்துப் பூசினால், கையில் இருந்த உயிர் உரமும் வீண்.

அவர் இரண்டு வயலிலும் இனி வீட்டு விதையையே போடுவதாகச் சொன்னார். குருணை மருந்தைப் பற்றி அவருடைய ஐயம் முழுவதும் தீரவில்லை, தீர்ந்தாக வேண்டும் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த சம்பாவில் குருணை போட நேர்ந்தால், மேல்வயலின் நடுவே, வாய்க்கால் மடையிலிருந்து வடிகால் வரை நீளும் ஒரு பட்டையைக் குச்சி நட்டுப் பிரித்து, சிறு வரப்புக் கட்டி, மருந்து போடாமல் விடும்படி மட்டும் கேட்டுக்கொண்டோம். ஒரே மேடு, ஒரே விதை, ஒரே தண்ணீர் என்று அமைந்த அந்தப் பட்டையில், குருணை தூவுவதற்கு முதல் நாளும், தூவிய ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், இரண்டு மாதத்திலும் மண் எடுப்பதாகவும், உளுந்து ஒரு மாதம் ஆனதும் பட்டையின் உள்ளேயும் வெளியேயும் செடிகளை மண்கட்டியோடு வெட்டி முடிச்சு எண்ணுவதாகவும் ஏற்பாடு.